அண்ணாச்சியிடம் கேளுங்கள்: எட்டு மேசை, ஒரு ஃப்ரீசர், முழுப் பக்கப் பாராட்டு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீன் வாசனை. போன இதழில் மாங்காய் போட்ட மீன்குழம்பைப் பற்றி நாலு வரி எழுதினேன், வினை அங்கேதான் ஆரம்பித்தது. சரி, இந்தத் தடவை முழுக்க மீனிலேயே இறங்கிவிடுவோம். பாஸ்போர்ட் பற்றியும் மாமியார் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பிரச்சினையும் எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சின்ன மீன் சாப்பாட்டுக் கடை. பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமை ராத்திரி அங்கேதான் சாப்பாடு. அம்மாவுக்கு 78 வயது, அவருக்கு வாரத்தில் அந்த ஒரு வெளிச்சாப்பாடுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் சாப்பாட்டு விமர்சகர் ஒருவர் முழுப் பக்கம் புகழ்ந்து எழுதிவிட்டார். அன்றிலிருந்து உம்ஷ்லாங்காவிலிருந்தும் ஹில்கிரெஸ்டிலிருந்தும் காரில் வந்து இறங்குகிறார்கள். எங்களுக்கு டேபிள் கிடைக்க இரண்டு வாரம் ஆகிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இரண்டையும் செய்யலாம் அம்மா, ஒருவேளை சோற்றுக்குள் இரண்டுக்கும் நேரம் இருக்கிறது. கடையின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான்தான் வெட்டிவிட்டேன். அச்சில் வந்தால் உங்கள் இரண்டு வாரம் நாலு வாரமாகிவிடும்.

எனக்கும் அந்தக் கடையைத் தெரியும். உங்கள் கடிதம் வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன். இந்தப் பக்கம் டயர் கடை, அந்தப் பக்கம் முடிவெட்டும் கடை, நடுவில் எட்டு மேசை. பின்னால் கை கழுவும் தொட்டியில் அதே பச்சை சன்லைட் சோப்பு, பாதியாக வெட்டி வைத்தது. பத்திரிகைப் பக்கத்தைக்கூட இன்னும் சட்டம் போட்டு மாட்டவில்லை, பணப்பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார்கள். சுவரில் கரும்பலகை. அதில் அன்றைக்கு ஐந்தே வரி: ஸ்லிங்கர் மீன் பொரித்தது, கூட்டா மீன் குழம்பு, நண்டு, இறால், கத்தரிக்காய் போட்ட கருவாடு. நான் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, முதலாளியின் மனைவி ஈரத்துணியோடு வந்து நண்டு என்ற வரியைத் துடைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், தீர்ந்துபோச்சு. பக்கத்து மேசையில் ஒருவர் நண்டுக்காகவே பைன்டவுனிலிருந்து வந்தவர் போலிருக்கிறது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்த விமர்சகர் எதைப் புகழ்ந்தார் என்று திரும்ப எடுத்துப் பாருங்கள். சின்னப் பட்டியல், தினமும் மாறுகிறது, கடலில் என்ன வந்ததோ அது தட்டில் வருகிறது என்று மூன்று பத்தி. இது என்ன தத்துவம் என்று முதலாளியிடம் கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டு, பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக, "ஒரு ஃப்ரீசர்தான் இருக்கு அண்ணா, அதுவும் சின்னது, தட்ஸ் ஆல்" என்றார். 2023ல் மின்வெட்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்தது என்று நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த வருஷம் இரண்டு முறை ஃப்ரீசர் நிறைய இறாலைக் குப்பையில் கொட்டியிருக்கிறார். அதோடு சரி, அன்றன்றைக்கு விற்கிற அளவுக்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். கையில் காசு இல்லாததால் வந்த பழக்கம்தான் பத்திரிகையில் கொள்கை ஆகிவிட்டது. விமர்சகரைக் குறை சொல்லவில்லை, அவர் நாக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. காரணம் தெரியாமல் எழுதினார், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் இனிமேல்தான். புகழ் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பாங்க்காரன் கடன் தருவான், கடன் வந்தால் பெரிய ஃப்ரீசர் வரும். ஃப்ரீசர் பெரிதானால் அதை நிரப்பத்தான் மனசு வரும். நிரம்பிய ஃப்ரீசர் இருக்கிற கடையில் கரும்பலகை எதற்கு, லாமினேட் போட்ட மெனு அடித்துவிடலாம். எதைத் தேடி அத்தனை பேர் வந்தார்களோ அது அன்றோடு போய்விடும். இதை நான் குறி சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன், பாதிப் பாவம் என்னுடையது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு பகுதியில், வீட்டின் முன்னறையில் ஒரு அக்கா நடத்திய மீன் சோற்றுக் கடையைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதினேன். ஆகா ஓகோ என்று எழுதினேன். எட்டு மாதத்தில் ஷாப்பிங் மாலுக்குள் முப்பது மேசையோடு போனார்கள். வாடகை கட்ட ஞாயிறு முழுக்க பஃபே போட்டார்கள். ஒன்றரை வருஷத்தில் மூடிவிட்டார்கள். அந்த அக்காவைக் கோயிலில் பார்த்தால் இன்றைக்கும் நான் தூண் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். வெளியூர்க் கூட்டம் ஏழரை மணிக்கு மேல்தான் வருகிறது. ஆறு மணிக்கு ஒரு மேசை, சனிக்கிழமை, பழைய ஆட்களுக்கு என்று நானே கேட்டுப் பார்த்தேன். உங்கள் அம்மா என்றதும், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாரே, முள்ளை எடுத்துத் தனித் தட்டில் அடுக்கி வைப்பாரே, அந்த ஆயாவா என்று கேட்டார். ஆறே காலுக்குள் வந்துவிட வேண்டும், ஏழரைக்கு எழுந்துவிட வேண்டும். போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து வேலைக்காக வந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கே பெரிய விருதெல்லாம் கேப் டவுன் ஒயின் தோட்டத்து ஹோட்டல்களுக்குத்தானே போகிறது? சின்ன மீன் கடைக்கு உலகம் எங்காவது பரிசு கொடுத்திருக்கிறதா?
வாசகர், மிட்ராண்ட்

பதில்: கொடுத்திருக்கிறது தம்பி, அதுவும் இந்த நாட்டிலேயே. கேப் டவுனுக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில் பேட்டர்னாஸ்டர் என்று ஒரு மீனவர் கிராமம். வெள்ளையடித்த வீடுகள், முன்னால் கடல், வேறொன்றும் பெரிதாகக் கிடையாது. அங்கே பழைய வீடு ஒன்றில் கோபஸ் வான் டெர் மெர்வ என்பவர் 2016ல் தொடங்கிய உணவகம் வுல்ஃப்காட். இருக்கை இருபதுதான். கடற்பாசி, கரையில் மண்டிக் கிடக்கும் உப்புச் செடிகள், மட்டி, அந்தப் பக்கத்து மீன், இவைதான் சமையல். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள், சமையல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். 2019 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த உலக உணவக விருது விழாவில் அந்த ஆண்டின் சிறந்த உணவகம் என்று இதைத்தான் அறிவித்தார்கள். பெரிய பெரிய பிரெஞ்சுக் கடைகள் எல்லாம் வாயைப் பிளந்து நின்றிருக்கும். அதற்குப் பிறகும் இருபதை அவர் இருநூறு ஆக்கவில்லை பாருங்கள், எனக்கு விருதைவிட அதில்தான் மரியாதை.

இன்னொன்று பாங்காக்கில். ஜே ஃபாய் என்ற அம்மாள், 2017லேயே வயது எழுபதைத் தாண்டியவர், தெருவோரக் கடை, கரி அடுப்பு, எண்ணெய் தெறிக்காமல் இருக்கக் கண்ணுக்கு ஸ்கீ கண்ணாடி. நண்டுச் சதையை அடைத்த முட்டை ஆம்லெட் அவருடைய அடையாளம். மிஷலின் கையேடு பாங்காக்குக்கு முதன்முதலாக 2017 டிசம்பரில் வந்தபோது அவருக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். அப்புறம் என்ன, ஒரு ஆம்லெட்டுக்கு மணிக்கணக்கில் வரிசை.

மிஷலின் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அது டயர் கம்பெனி என்று தெரியும்தானே? 1900ல் பிரான்சில் கார்க்காரர்களுக்கு இலவசமாக ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுத்தார்கள். எங்கே பெட்ரோல், எங்கே மெக்கானிக், எங்கே சாப்பாடு என்று. ஆட்கள் நிறைய ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் வாங்குவார்கள், கணக்கு அவ்வளவு நேர்மையானது. சாப்பாட்டுக்கு நட்சத்திரம் 1926ல்தான் வந்தது. மூன்று நட்சத்திரம் என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே பயணம் போகலாம் என்று இன்றைக்கும் அர்த்தம். நம் சாட்ஸ்வொர்த் கடைக்குப் பக்கத்தில் டயர் கடை இருப்பதை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

கேள்வி: என் தம்பி சின்னதாக மீன் கடை (சாப்பாடுதான்) நடத்துகிறான். ஒருவர் சாப்பிட்டுப் போய், குழம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் "புளிப்பு தூக்கல், முள் தொல்லை, அரை மணி நேரம் காத்திருந்தேன், கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை" என்று எழுதிவிட்டார். தம்பி இரண்டு நாளாகத் தூங்கவில்லை. முள் இல்லாத ஃபில்லெட்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறான். புளியையும் குறைக்கப் போகிறானாம்.
வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: முதலில் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். இன்றைக்கே.

அந்த விமர்சனத்தில் நாலு குறை இருக்கிறது, நாலும் ஒரே ஜாதி இல்லை. தாழ்ப்பாள், காத்திருப்பு இரண்டும் கடையின் தப்பு, வாதாடாமல் ஒத்துக்கொள்ள வேண்டியது. முள்ளும் புளியும் அப்படியில்லை, அவை சமையலின் சங்கதி. நம் குழம்பில் மீனை ஏன் முள்ளோடு குறுக்கே வெட்டிப் போடுகிறோம்? நடுமுள்ளும் தோலும்தான் துண்டைக் கட்டிப் பிடிக்கின்றன, குழம்புக்குப் பசையும் அதிலிருந்துதான் இறங்குகிறது. ஃபில்லெட்டைப் போட்டால் கொதியில் இரண்டு நிமிஷத்தில் உதிர்ந்து குழம்பு கஞ்சி மாதிரி ஆகிவிடும். அப்புறம் உதிராமல் இருக்கக் கெட்டியான மீனைத் தேடுவான், அது விலை கூடுதல், விலைக்கு ஏற்றபடி துண்டு சின்னதாகும், அடுத்த விமர்சனம் அளவு போதவில்லை என்று வரும்.

புளி விஷயம். டர்பன் மீன்குழம்பு ஊர்க் குழம்பு மாதிரி தேங்காய் அரைத்து வருவதில்லை. தக்காளியும் புளியும்தான், வெந்தயமும் முழுப் பூண்டும் கறிவேப்பிலையும் எண்ணெயில் வாசம் விட்டு, சிவக்கச் சிவக்க மசாலா. மாங்காய்க் காலத்தில் அதுவும் சேரும். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபத்தாறு வருஷம். முதல் தடவை சாப்பிட்டபோது தேங்காய் எங்கே என்று கேட்டுவிட்டேன், வீட்டுக்கார ஆயா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு மாதத்தில் நானே மாறிவிட்டேன். அந்தப் புளிப்பு முந்தின நாள் ராத்திரி வைத்த குழம்பில் மறுநாள்தான் அடங்கி உட்காரும். அதனால் தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: குழம்பை இறக்கியவுடனே பரிமாறுகிறானா? மசாலாக் குழம்பை மட்டும் காலையிலேயே கொதிக்க வைத்து இறக்கிவிட்டு, ஆர்டர் வந்ததும் வேண்டிய அளவு எடுத்து மீனைப் போட்டு ஒரு கொதி விடச் சொல்லுங்கள். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைக் காதைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். புளிப்பும் பதமாகும், காத்திருப்பும் பாதியாகும். புளியைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் அந்த ஒருவர் திரும்பி வருவார் என்று எந்த நிச்சயமும் இல்லை, தினமும் வருகிற நாற்பது பேர் வராமல் போவது நிச்சயம்.

முள்ளுக்கு ஒரு தனித் தட்டும், கை கழுவ ஒரு கிண்ணம் எலுமிச்சைத் தண்ணீரும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு முள் தொல்லையே இல்லை, முள்ளை எங்கே வைப்பது என்று தெரியாததுதான் தொல்லை.

கேள்வி: ஒரு பத்திரிகையில் டர்பன் இந்திய மீன் சமையலை "புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ரத்தினம்" என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். படித்ததும் கோபம் வந்தது. நான் கோபப்படுவது நியாயமா?
மாணவி, வெஸ்ட்வில்

பதில்: நியாயம்தான், ஆனால் பெட்ரோலை வீணாக்காமல் எரியுங்கள். 1860 நவம்பர் 16ம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு அளந்து கொடுத்த படியில் அரிசியும் பருப்பும் உப்புக் கருவாடும் இருந்தன. ஒப்பந்தம் முடிந்த சிலர் திரும்பப் போகாமல் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கிற சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு மீன் பிடித்தார்கள். இறால் பிடித்து, மீன் காயவைத்து, ஊருக்குள் விற்றார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கடற்படைக்கு இடம் வேண்டும் என்று அவர்களைக் கிளப்பிவிட்டார்கள். அதே தீவில் 1961ல் இந்தியர்களுக்கு மட்டும் என்று தனிக் கல்லூரி வைத்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது படகில் ஏறிப் படிக்கப் போயிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். மீனவனை விரட்டிய தீவுக்கு மீனவன் பேரனைப் படிக்க அனுப்பினார்கள், இதை என்னவென்று சொல்வது!

டர்பன் கடற்கரையில் இங்கிலீஷில் சீன் நெட்டிங் என்கிறார்களே, அது நம்ம கரைவலை. படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு இழுப்பது. தூத்துக்குடியில் சின்னப் பையனாக நான் இழுத்த அதே இழுவை. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் இங்கே செய்துவருகின்றன. ஜூன், ஜூலையில் சார்டின் வரும்போது அவர்களைப் பார்க்கலாம்: வலை கரையேறுவதற்கு முன்னாலேயே பக்கெட்டும் பிளாஸ்டிக் பையுமாக ஊரே தண்ணீருக்குள் நிற்கும், சிலர் ஆபீஸ் சட்டையோடு. (அது நம் ஊர் மத்தி இல்லை, பங்காளி முறை. மத்தி வேறு இனம், இது குளிர்ந்த தண்ணீர் மீன். குளிர்காலத்தில் கரையோரமாகக் குளிர்ந்த நீர் ஒரு பட்டையாக வடக்கே நீளும்போது அதோடு சேர்ந்து வந்து மாட்டிக்கொள்கிறது.)

ஆக, கண்டுபிடிக்கப்படவில்லை, இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தப் பத்திரிகைக்கு இதை ஒரு பத்தியில் எழுதி அனுப்புங்கள். போட்டால் நல்லது. போடாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், நான் போடுகிறேன்.

கேள்வி: வீட்டில் எல்லாரும் ஷாட் மீன்தான் பொரிக்கிறோம். இவ்வளவு ருசியான மீனை எந்த ரெஸ்டாரண்டும் ஏன் போடுவதில்லை? கௌரவக் குறைச்சலா?
வாசகர், வெருலம்

பதில்: கௌரவம் இல்லை ஐயா, சட்டம். ஷாட்டை நாம் தூண்டில் போட்டுப் பிடித்துச் சாப்பிடலாம், விற்க முடியாது. பர்மிட் எடுத்தவர் ஒரு நாளைக்கு நாலுதான் பிடிக்கலாம், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும், அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கவே கூடாது. எந்தக் கடையாவது பலகையில் ஷாட் என்று எழுதியிருந்தால், எத்தனை நட்சத்திரம் வாங்கிய கடையாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

நம் வீடுகளில் இதில் ஒரு வேடிக்கை நடக்கும். புரட்டாசி முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, முடிந்த மறுநாள் முதல் மீன் ஷாட்டாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அப்போது பார்த்து அது அடைப்புக் காலம். பெருமாளும் மீன் துறையும் கலந்து பேசிக்கொண்ட மாதிரி. இந்தக் கெடுபிடி வேண்டாத வேலை என்று நினைப்பவர்கள் செவன்ட்டி ஃபோர் என்ற மீனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்தக் கடலில் வண்டி வண்டியாகப் பிடித்தது, பிடித்துப் பிடித்தே தீர்த்துவிட்டு, 1998ல் முழுத்தடை போட்டார்கள்.

கேள்வி: ஊரில் வஞ்சிரம் தின்று வளர்ந்தவன். இங்கே எந்த மெனுவைத் திறந்தாலும் கிங்க்ளிப். வஞ்சிரமே கிடைக்காதா?
வாசகர், உம்ஷ்லாங்கா

பதில்: உங்கள் மூக்குக்கு நேரே இருக்கிறது. இங்கே கூட்டா என்று விற்பதுதான் வஞ்சிரம், எங்கள் ஊரில் சீலா. கோடையில் மொசாம்பிக் பக்கமிருந்து வெதுவெதுப்பான தண்ணீரோடு இறங்கும். கிங்க்ளிப் கேப் பக்கத்து ஆழ்கடலில் இழுவைப் படகு பிடிப்பது. நல்ல மீன்தான், முள் இல்லை, வாசனை இல்லை, வம்பு இல்லை. அதனால்தான் எல்லா மெனுவிலும் இருக்கிறது.

கேள்வி: "எல்எம் இறால்" என்று போட்டு விலையை ஏற்றுகிறார்களே, அது என்ன?
வாசகி, டோங்காட்

பதில்: எல்எம் என்றால் லோரென்சோ மார்க்கெஸ், மாப்புட்டோவின் பழைய போர்த்துக்கீசியப் பெயர். 1976ல் ஊர்ப் பெயர் மாறியது, மெனுவில் இன்னும் மாறவில்லை. மொசாம்பிக் இறால் நிஜமாகவே நல்ல இறால், ஆனால் பெயரைப் போட்டதெல்லாம் அங்கிருந்து வந்தது இல்லை. நம் பக்கத்து துகேலா கடலிலும் ஒரு காலத்தில் இறால் நன்றாக விழுந்தது. அந்தக் குஞ்சுகள் வளர்கிற தொட்டில் செயின்ட் லூசியா ஏரி. அதன் முகத்துவாரம் 2002ல் வறட்சியில் மணல் மூடிப்போனது, குஞ்சு உள்ளே போக வழியில்லை, இங்கே வலையும் வறண்டது. இருவருக்கான பிளாட்டரில் மலிவு விலையில் இருபது இறால் வருகிறதா? அது எங்கோ குட்டையில் வளர்ந்து கப்பலேறி வந்தது. சாப்பிடலாம், தப்பில்லை. எல்எம் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்குச் சாப்பாட்டு விமர்சனம் எழுத ஆசை. மீன் கடைகளில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். எப்படி எழுதுவது?
இளைஞர், ஐசிபிங்கோ

பதில்: முதல் விதி, பில்லை நீங்களே கட்டுங்கள். ஓசியில் சாப்பிட்ட நாக்கு உப்பைக்கூடச் சரியாகச் சொல்லாது. ஒரு கடைக்கு மூன்று தடவையாவது போங்கள், அதில் ஒன்று திங்கட்கிழமையாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை படகு இறங்காவிட்டால் திங்களன்று பழைய மீனை என்ன செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். சாப்பிட்டு முடித்துவிட்டு, முதலாளி நல்ல மனுஷனாக இருந்தால், மீனைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பு ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், காவியோ சாம்பலோ என்றால் வயதாகிவிட்டது. கட்டைவிரலால் முதுகில் அழுத்துங்கள், பள்ளம் உடனே எழும்ப வேண்டும். கண் உப்பலாக இருக்க வேண்டும். மீன் நாறக் கூடாது, கடல் வாசம்தான் அடிக்க வேண்டும். சாட்ஸ்வொர்த் கடையில் அந்த மனிதர் கூட்டா ஒன்றின் தலையைப் பிடித்து என் முகத்துக்கு முன்னாலேயே செவுளைத் திறந்து காட்டினார், சட்டையில் ரெண்டு சொட்டு ரத்தம், இன்னும் போகவில்லை.

அப்புறம், எது நன்றாக இருந்தது என்பதோடு, அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். நான் அந்த அக்காவின் கடையைப் பற்றி எழுதியபோது இதைத்தான் கேட்காமல் விட்டேன். ஒரே சட்டியில் பன்னிரண்டு பேருக்குச் சமைத்ததால் வந்த ருசி அது. நான் அதைக் கைமணம் என்று எழுதிவிட்டேன். கைமணத்தை மாலுக்குள் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? பன்னிரண்டு பேர் சட்டி என்று எழுதியிருந்தால் அவரே ஒரு தடவை யோசித்திருப்பாரோ என்னவோ.

அடைமொழி குறைவாக. "சொர்க்கம்", "தேவாமிர்தம்" இரண்டையும் இப்போதே பூட்டி வையுங்கள்.

கேள்வி: மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த எட்டு மேசைக் கடையின் பெயரைச் சொல்லுங்கள் அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை போய்விட்டு வருகிறோம்.
ஆறு பேர், ஆறு ஊர்களிலிருந்து (போன வாரம் ஒரு கூட்டத்தில் நான் வாய் தவறிச் சொல்லிவிட்ட வினை)

பதில்: சொல்ல மாட்டேன். பக்கத்து டயர் கடையின் பெயர் வேண்டுமானால் சொல்கிறேன், அலைன்மென்ட் நன்றாகப் பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானமாகப் போங்கள்.